கீரைத் தோட்டத்து எருவும் கன உலோகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, கோவைப் பக்கம் ஞாயிறுதோறும் கூடும் இயற்கை விளைபொருள் சந்தைக்குப் போய்வரத் தொடங்கினேன். கீரை விற்பவர்கள், வாங்குபவர்கள், மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்கள் என யார் கேட்டாலும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒவ்வொரு முறையும் நின்றபடியே பாதிப் பதில் சொல்லி அனுப்புவதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

1. கன உலோகம், கன உலோகம்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னங்க?

அடர்த்தி மிகுந்த உலோகங்களைக் குறிக்கப் புழக்கத்துக்கு வந்த சொல் அது. உரத்தையும் உணவையும் பற்றிப் பேசும்போது காட்மியம், காரீயம், குரோமியம், நிக்கல், பாதரசம் ஆகியவற்றோடு, வேதியியல்படி முழு உலோகம் என்று சொல்ல முடியாத ஆர்சனிக்கையும் அதில் சேர்த்துக்கொள்கிறோம். செம்பும் துத்தநாகமும் பயிருக்குச் சிறிதளவு தேவைப்படும் சத்துகள். அளவு மீறினால் அவையும் தீங்கு செய்யும் என்பதால் அவற்றுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். காட்மியத்துக்கும் காரீயத்துக்கும் கீரைச் செடியிலோ நம் உடம்பிலோ எந்த வேலையும் இல்லை.

'ஈயம்' என்ற சொல்லால் வரும் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். பேட்டரியிலும் பழைய பெயின்ட்டிலும் இருப்பது காரீயம். இந்தப் பக்கத்தில் நஞ்சு என்று பேசப்படுவது காரீயம்தான். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்பவர்கள் உண்டு என்பது வேறு கதை.

2. நாங்க இயற்கை உரம்தான் போடுறோம். அதுல எப்படிங்க உலோகம் வரும்?

'இயற்கை' என்ற சொல்லை வைத்து உரம் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாமே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. மாட்டுத் தீவனத்தில் இருந்தது சாணத்துக்கு வரும், கோழித் தீவனத்தில் சேர்த்தது எருவுக்கு வரும், குப்பைத் தொட்டியில் விழுந்தது நகரக் கழிவு உரத்துக்கு வரும். பூச்சிமருந்தின் மூலக்கூறுகள் பெரும்பாலும் நாளடைவில் சிதைந்துவிடும். நோய்க்கிருமிகள் எருக்குவியலின் சூட்டில் மடியும். உலோகம் தனிமம் என்பதால் எவ்வளவு மக்கினாலும் போன இடம் தெரியாமல் போவதில்லை.

அடர்த்தியும் கூடுகிறது. உலர்ந்த கணக்கில் 100 கிலோ கழிவைக் குவித்து மக்கவைத்தால், கரிமப் பொருளில் ஒரு பெரும்பகுதி கரியமில வாயுவாகப் போய், 50 கிலோ உரம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் இருந்திருந்தால், உரத்தில் அது கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும். நன்கு மக்கிய எரு மற்ற எல்லா வகையிலும் மேலானது என்றாலும், இந்த ஒரு கணக்கில் மட்டும் மக்குவது நமக்கு உதவுவதில்லை.

3. அப்ப எந்த எருவை நம்பலாம், எதைப் பார்த்துப் பயப்படணும்?

மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கிராமத்து மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, சணப்பு, தக்கைப்பூண்டு, வேப்பம் பிண்ணாக்கு, கடலைப் பிண்ணாக்கு, வீட்டுச் சமையலறைக் கழிவு ஆகியவை சுத்தமான நிலத்தில் விளைந்தவற்றிலிருந்து வந்திருந்தால் கவலை குறைவு. கோழி எருவில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகத் தோட்டங்களுக்கு வரும் எருவில் தழைச்சத்து மிகுதி என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனால், பொதுவாகக் கோழித் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் கனிமக் கலவையாகச் சேர்க்கப்படுகின்றன என்பதும், கோழியின் உடம்பில் தங்குவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் எச்சத்தில் வந்துவிடுகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் ஆர்சனிக் கலந்த ராக்சார்சோன் என்ற மருந்தையே பல ஆண்டுகள் கறிக்கோழித் தீவனத்தில் சேர்த்துவந்தார்கள். அதன் விற்பனை 2011-ல்தான் அங்கே நிறுத்தப்பட்டது. கோழி எருவை ஆண்டுக்கு ஒருமுறை அளவோடு போடலாம்; கீரையின் ஒவ்வொரு அறுப்புக்கும் கொட்டுவது சரியல்ல.

நகரக் கழிவு உரத்தின் தரம், குப்பை எங்கே பிரிக்கப்பட்டது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. வீட்டு வாசலில் மக்கும் குப்பையைத் தனியாக வாங்கிச் செய்த உரமும், பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா, மின்னணுச் சாமான் எல்லாம் கலந்து ஆண்டுக்கணக்கில் கிடந்த கிடங்கைக் கிளறிச் சலித்தெடுத்த தூளும் பார்வைக்கு ஒன்றுபோலக் கறுப்பாகத்தான் இருக்கும். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற பழைய கிடங்குகளைக் கிளறும்போது கிடைக்கும் அத்தகைய தூளைக் கீரைக்குப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலைக் கழிவுநீர் கலக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடும் அப்படித்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடக் குரோமியம் உப்பைப் பயன்படுத்துவதால், அந்தக் கசடோ தோல் சீவலோ கலந்த எருவில் குரோமியம் மிகுந்திருக்கும்.

4. கத்தரி, வெண்டையை எல்லாம் விட்டுட்டுக் கீரையை மட்டும் ஏன் பிடிச்சுக்கறீங்க?

வேர் உறிஞ்சும் நீர் பெரும்பாலும் இலை வழியாகத்தான் ஆவியாகிறது. நீரோடு ஏறிவந்த காட்மியம் இலையில் தங்கிவிடுகிறது. காய்க்கும் விதைக்கும் போய்ச் சேர்வது பொதுவாக அதைவிடக் குறைவு. காய்களில் கத்தரி மட்டும் சற்றுக் கூடுதலாக எடுக்கும், ஆனாலும் பாலக்கை எட்டாது. முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வேகமாக வளர்ந்து, வேகமாக உறிஞ்சி, காட்மியத்தை இலைக்கு ஏற்றிவிடும் பேரினம் அது.

எல்லா உலோகங்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. காரீயமும் குரோமியமும் மண்ணோடும் வேரோடும் ஒட்டிக்கொண்டு மேலே ஏறத் தயங்கும். கீரையில் காணப்படும் காரீயத்தின் பெரும்பங்கு புழுதியாகப் படிந்ததும் மழையில் சேறாகத் தெறித்ததும்தான். விதைத்து 25 நாளில், தரையை ஒட்டி வேரோடு பிடுங்கும் சிறுகீரையில் அது அதிகம். ஆளுயரத்துக்கு மேல் பறிக்கும் முருங்கைக்கீரைக்குச் சேறு எட்டுவதில்லை. பொன்னாங்கண்ணியையும் வல்லாரையையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம் கண்ட இடத்தில் தாமாகவே படரும் இவற்றைச் சாக்கடையோரத்தில் பறித்து 'மூலிகைக் கீரை' என்று கட்டி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விளைந்த இடம் தெரியாமல் இந்த இரண்டையும் வாங்காதீர்கள்.

5. மூணு தண்ணி ஊத்திக் கழுவினா எல்லாம் போயிடாதா?

மேலே படிந்தது போகும், உள்ளே ஏறியது போகாது. முந்தைய பதிலின்படி, காரீயத்துக்குக் கழுவுவது பெரிய மருந்து. காட்மியத்துக்கு அது ஏறக்குறையப் பயனற்றது.

ஒரு கணக்குப் பாருங்கள். பழைய நெடுஞ்சாலை ஓரத்து மண்ணில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் காரீயம் இருப்பதாகக் கொள்வோம். காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல் நின்றுவிட்டாலும், அதற்கு முன் படிந்தது மண்ணைவிட்டு எங்கும் போகவில்லை. அந்த மண் ஒரே ஒரு கிராம், ஒரு கிலோ கீரையில் ஒட்டியிருந்தால் அதிலேயே 0.3 மில்லிகிராம் காரீயம் வந்துவிடுகிறது. இலைக் காய்கறிகளுக்குக் கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வகுத்திருக்கும் காரீய வரம்பே கிலோவுக்கு 0.3 மில்லிகிராம்தான். ஆகவே வேரை வெட்டியெறிந்து, அகலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, கீரையை அலசி, கீரையை மேலே தூக்கியெடுத்த பிறகு நீரைக் கொட்டுங்கள். கீரையோடு சேர்த்துக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலையிலேயே படியும். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் கரைந்த உலோகம் கொஞ்சம் குறையும், கூடவே சத்தும் போகும்; அதை நான் பரிந்துரைப்பதில்லை.

6. ஒரே லோடு எருவை நானும் என் தம்பியும் பிரிச்சுப் போட்டோம். அவனோட ஊட்டித் தோட்டத்துக் கீரையில மட்டும் காட்மியம் கூட இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அது எப்படிங்க?

எரு ஒன்றாக இருந்தாலும் மண் ஒன்றல்ல. நீலகிரி மண் புளித்த மண்; அதன் பி.எச். அளவு (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். கோவைக் கரிசலில் சுண்ணாம்பு கலந்திருப்பதால் 8-ஐ ஒட்டி இருக்கும். புளித்த மண்ணில் காட்மியம் மண்துகளை விட்டு நீரில் இறங்கி வேருக்கு எளிதாகக் கிடைக்கிறது. சுண்ணாம்பு மண் அதையே இறுகப் பிடித்துக்கொள்கிறது. உலோகம் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு கட்டவிழ்ந்து இருக்கிறது என்பதே கீரைக்கு முக்கியம். கேட்டவர் கோவையின் கவுண்டம்பாளையத்துக்காரர், "அப்ப என் மண்ணுல போட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று உடனே கேட்டார். இன்றைக்கு இலைக்குக் குறைவாகப் போகிறது என்பது மட்டுமே அதற்குப் பொருள். போட்டது அவர் மண்ணில் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. உப்பு ஏறிய போர்வெல் நீரில் உள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைசலில் நிறுத்திவைக்கும். அந்த நீர் பாயும் கீரையில் காட்மியம் கூடும். துத்தநாகமும் காட்மியமும் வேரில் ஒரே வாசல் வழியாக நுழையப் போட்டியிடுகின்றன என்பதால், துத்தநாகம் வறண்ட மண்ணில் காட்மியத்துக்கு வழி எளிதாகிவிடுகிறது. மண் பரிசோதனையில் துத்தநாகக் குறைபாடு என்று வந்தால் அதைச் சரிசெய்துவிடுவது இந்த வகையிலும் நல்லது.

7. மக்கின எரு உலோகத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்னு ஒரு வகுப்புல சொன்னாங்க. நீங்க தலைகீழா சொல்றீங்களே?

வகுப்பில் சொன்னது உண்மைதான். மக்கிய எருவின் கரிமப் பொருளான மட்கில் உள்ள எதிர்மின் முனைகள் காட்மியம், காரீயம், செம்பு ஆகியவற்றைப் பற்றிக்கொள்ளும். மாசுபட்ட நிலத்தில் சுத்தமான தொழு உரத்தைப் போட்டால் கீரையில் உலோகம் குறைவதைப் பல இடங்களில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். எரு ஒரே சமயத்தில் உலோகத்தைக் கொண்டுவருவதாகவும் கட்டிப்போடுவதாகவும் இருக்கலாம். எந்தக் கை ஓங்கும் என்பது அந்த எருவின் தூய்மையையும் முதிர்ச்சியையும் பொறுத்தது. அரைகுறையாக மக்கிய எருவிலிருந்து கசியும் கரிம அமிலங்கள் செம்பையும் நிக்கலையும் நீரோடு இழுத்துக்கொண்டு போகக்கூடியவை. பச்சைச் சாணத்தை அப்படியே பாத்தியில் கரைத்துவிடும் பழக்கத்தை இதற்காகவும் விட வேண்டும்.

மண்ணியலாளர்களுக்குள் நெடுநாளாக நடக்கும் வாதம் ஒன்று உண்டு. மட்கு அழிந்ததும் அது பிடித்திருந்த உலோகம் ஒருநாள் மொத்தமாக அவிழும் என்பது ஒரு தரப்பு. மண்ணிலும் கசட்டிலும் உள்ள இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும் என்பது மறுதரப்பு. நம் ஊர் வெயிலில் மண்ணின் கரிமம் எவ்வளவு விரைவாகக் கரைந்துபோகிறது என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் ஆண்டுதோறும் பார்த்தவன் என்ற முறையில், நான் முதல் தரப்பின் எச்சரிக்கையைக் காதில் வாங்கிக்கொள்ளவே விரும்புகிறேன்.

8. உர மூட்டைல 'காட்மியம் 5'-ன்னு அச்சடிச்சிருக்கு. அஞ்சுன்னா ஜாஸ்தியா, கம்மியா?

இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-ன்படி நகரக் கழிவு உரத்திலும் மண்புழு உரத்திலும் கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, காரீயம் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மூட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இந்த உச்சவரம்புதான். உள்ளே இருக்கும் உரத்தை அளந்து போட்ட எண் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு உர விதியில் கரிம உரத்துக்கான காட்மிய வரம்பு 1.5. அமெரிக்காவில் 1993-ல் வந்த கழிவுநீர்க் கசட்டு விதியில் மிகத் தரமான கசட்டுக்கே 39 வரை இடம் கொடுத்தார்கள். ஒரே உலோகத்துக்கு 1.5, 5, 39 என்று மூன்று எண்கள் இருப்பதைப் பார்த்தாலே, வரம்பு என்பது அறிவியலும் நிர்வாக வசதியும் சேர்ந்து போட்ட கோடு என்பது விளங்கும்.

இனி நிலத்துக் கணக்கு. ஒரு ஏக்கரின் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 800 டன். வரம்பின் விளிம்பில் உள்ள உரத்தை ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிராம் காட்மியம் போய்ச் சேரும். அது மண்ணில் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் உயர்வு. ஒருமுறை என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. கீரைக்காரர்கள் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை விதைத்து ஒவ்வொரு முறையும் எருப் போடுகிறார்கள் என்பதால், பத்தாண்டில் அது 1 மில்லிகிராமைத் தொட்டுவிடும். பயிரோடும் நீரோடும் வெளியேறுவது அதில் சிறு பங்குதான்.

9. அப்ப இதுக்கு டிஏபியே தேவலாம் போலிருக்கே?

கேட்பவர் வம்புக்குக் கேட்டாலும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. டிஏபி, சூப்பர் பாஸ்பேட் ஆகிய ரசாயன உரங்கள் பாறை பாஸ்பேட்டிலிருந்து வருபவை. அந்தப் பாறையிலேயே காட்மியம் உண்டு. ஐரோப்பாவின் வரம்பு, உரத்தில் உள்ள மணிச்சத்து (பாஸ்பேட்) ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம். 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ. அந்த வரம்பில் இருந்தாலும் மூட்டைக்கு 1.4 கிராம் காட்மியம்தான் வரும். மேலே பார்த்த 25 கிராமோடு ஒப்பிட்டால், மட்டமான எரு டிஏபியைவிடப் பல மடங்கு காட்மியத்தைக் கொண்டுவருகிறது. கொட்டும் அளவு டன் கணக்கில் இருப்பதே காரணம். யூரியாவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

மறுபக்கமும் பாருங்கள். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் மட்டுமே உள்ள சுத்தமான தொழு உரம் 5 டன் போட்டால் சேர்வது 1.5 கிராம், அதோடு டிஏபி ஒருநாளும் தராத மட்கும் கிடைக்கிறது. இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்டிருக்கும் பாறை பாஸ்பேட்டிலும் அதே காட்மியம்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். எந்த முகாமைச் சேர்ந்த உரம் என்று பார்ப்பதைவிட, எந்தக் குவியலிலிருந்து வந்தது, எவ்வளவு போடுகிறோம் என்று பார்ப்பதே பயன் தரும்.

10. நாங்க மாடியில பையிலதான் வளர்க்கிறோம். எங்களுக்கு இந்தப் பயம் இல்லைதானே?

உங்களுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. வயலில் 800 டன் மண்ணுக்கு 5 டன் எரு, அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பையில் செம்மண், தென்னை நார்க்கழிவு, உரம் மூன்றையும் சம அளவில் கலக்கிறீர்கள். உரம் எடை குறைந்தது என்பதால் எடைக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், 8-ஆம் பதிலில் சொன்ன வரம்பு விளிம்பு உரம் பைக் கலவையின் காட்மியத்தைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்றிவிடும். வயலில் பத்தாண்டில் நடப்பது பையில் முதல் நாளே நடக்கிறது. கலவை அமுங்க அமுங்க மேலும் உரம் போட்டு நிரப்புவதால் அது கூடிக்கொண்டே போகும். பைகளுக்கு விலை கூடினாலும் பரிசோதனை அறிக்கையுள்ள உரத்தையோ, வீட்டுச் சமையலறைக் கழிவில் நீங்களே செய்ததையோ போடுங்கள். தென்னை நார்க்கழிவை உப்புப் போகும்வரை இரண்டு முறை அலசுங்கள். காரணம் 6-ஆம் பதிலில் இருக்கிறது.

பழைய பெயின்ட் டப்பாவிலும் பேட்டரிப் பெட்டியிலும் கீரை விதைத்திருப்பதைப் பல மாடிகளில் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டாய வரம்பு 2017 இறுதியில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கைப்பிடிச் சுவர் உரிந்து கொட்டும் இடத்தில் பைகளை வைக்காதீர்கள்.

11. மண்புழு உலோகத்தையெல்லாம் தின்னு சுத்தம் பண்ணிடும்னு சொல்றாங்களே?

புழு தன் உடம்பில் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்துக்கொள்வது உண்மை. ஆனால், ஒரு தொட்டியில் இருக்கும் புழுக்களின் மொத்த எடை உரத்தின் எடையில் மிகச் சிறு பங்கு; புழு செத்தால் சேர்த்தது மறுபடி உரத்துக்கே வரும். 2-ஆம் பதிலில் சொன்ன அடர்த்திக் கணக்கு மண்புழு உரத்துக்கும் பொருந்தும். கெட்ட குப்பையைப் புழுவுக்குப் போட்டால் கெட்ட உரம்தான் கிடைக்கும்.

12. ஏரி வண்டல் இலவசமா அள்ளிக்கலாம்னு விட்டிருக்காங்க. கீரைப் பாத்திக்குப் போடலாமா?

ஊரைத் தாண்டிய ஏரியானால் தாராளமாக. தலைமுறை தலைமுறையாக நம் நிலங்களை வளப்படுத்தியது வண்டல்தான். நகரத்துக்குள்ளும் தொழிற்பேட்டைகளுக்குக் கீழேயும் உள்ள குளங்களின் வண்டல், முலாம் பூசும் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் விட்ட நீர் தங்கிய இடத்தில் உருவானது. நுண்ணிய களித்துகள் உலோகத்தைப் பிடித்துவைப்பதில் வல்லது. அத்தகைய வண்டலைச் சோதிக்காமல் தென்னைக்குக்கூட நான் போடமாட்டேன்.

13. அடுப்புச் சாம்பல் தூவுறோமே, அது?

விறகுச் சாம்பல் நல்லது. புளித்த மண்ணைக் கொஞ்சம் திருத்தவும் செய்யும். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல், பிளைவுட் எரித்த சாம்பலும் நிலக்கரிச் சாம்பலும் கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

14. மண்வள அட்டை வாங்கி வெச்சிருக்கேன். அதுல காட்மியம் எத்தனைன்னு எப்படிப் பார்க்கிறது?

பார்க்க முடியாது. மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பி.எச்., உப்பின் அளவு, கரிமம் என 12 அளவுகள்தான் உண்டு. காட்மியத்துக்கும் காரீயத்துக்கும் தனியாகக் கேட்டு, அணு உறிஞ்சல் நிறமாலைமானியோ அதைவிட நுட்பமான கருவியோ உள்ள ஆய்வகத்தில் பணம் கட்டிச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் சோதிக்க வசதியில்லை என்றால் முதலில் உரத்தைச் சோதியுங்கள். ஒரு லோடு நுழைவதைத் தடுப்பது எளிது, நுழைந்ததை வெளியேற்றுவது அரிது. மாதிரி எடுக்கும்போது துத்தநாக முலாம் பூசிய வாளியையும் பித்தளைக் கரண்டியையும் தவிர்த்து, மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் பயன்படுத்துங்கள்.

அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் வெளிறிய முகத்தோடு ஒரு தாளை நீட்டினார்: அரைக்கீரையில் காட்மியம் 1.4, வரம்போ 0.2. தாளின் அடியில் சிறிய எழுத்தில் 'உலர் எடை அடிப்படையில்' என்று இருந்தது. கோடெக்ஸ் வகுத்த 0.2 என்ற வரம்பு பச்சைக் கீரைக்கு உரியது. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்று வைத்தால், அவருடைய 1.4 பச்சை எடையில் 0.14 ஆகிறது, வரம்புக்குள்தான் இருக்கிறது, அதை ஒட்டியும் இருக்கிறது. முழுக்க ஆறுதலும் சொல்லவில்லை, முழுக்கப் பயமுறுத்தவும் இல்லை. அடுத்த லோடு எருவைச் சோதித்துவிட்டு வாங்கச் சொல்லி அனுப்பினேன்.

15. இவ்வளவு சொல்றீங்க, கீரையே சாப்பிட வேண்டாமா?

சாப்பிடுங்கள். உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு 2010-ல் காட்மியத்துக்கு வகுத்த அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம். வரம்பின் விளிம்பில், அதாவது 0.2-ல் இருக்கும் கீரையை நாள்தோறும் 100 கிராம் தின்றால் 20 மைக்ரோகிராம் உள்ளே போகும். கீரை ஒன்றே ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. சோற்றுக்கும் மற்றவற்றுக்கும் மிச்சம் இருக்கிறது. நல்ல தோட்டத்துக் கீரையில் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஒரே தோட்டத்தின் ஒரே கீரையை ஆண்டு முழுவதும் தின்னாமல், வாங்கும் இடத்தையும் வகையையும் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். காரீயத்துக்கு மட்டும் அந்தக் குழு அதே ஆண்டில் பழைய அளவைத் திரும்பப் பெற்றுவிட்டது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதையும் காண முடியவில்லை என்பதே காரணம். ஆகவே சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கழுவுவதில் சோம்பல் கூடாது.

காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஜப்பானின் தொயாமா பகுதியில், சுரங்கக் கழிவு கலந்த ஜின்சூ ஆற்று நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்ததும், அந்நாட்டு அரசு 1968-ல் அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றதும் இந்த உலோகத்தின் பேரில்தான். இரும்புச்சத்துக் குறைந்தவர்களின் குடல் காட்மியத்தைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும் என்பதால், சோகை உள்ள பெண்கள் இரும்புச்சத்துள்ள கீரையை நிறுத்துவது எந்த வகையிலும் புத்திசாலித்தனம் அல்ல. இன்னொன்று: புகையிலையும் ஓர் இலைதான், காட்மியத்தை நன்றாக ஏற்றிக்கொள்ளும் இலை. கையில் சிகரெட்டோடு என்னிடம் கீரையைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஒருவர் உண்டு.

16. சான்றிதழ் பெற்ற இயற்கைக் கீரைன்னா நம்பி வாங்கலாமா?

சான்றிதழ் முறைகள் முதன்மையாகப் பார்ப்பது விளைவித்த முறையை: என்ன இடுபொருள் போட்டார்கள், எத்தனை ஆண்டு ரசாயனம் தவிர்த்தார்கள் என்பவற்றை. ஒவ்வொரு கட்டுக் கீரையிலும் காட்மியம் அளந்து கொடுக்கும் சான்று அது அல்ல. சான்றிதழ் உள்ள விவசாயியிடம் "எரு எங்கே வாங்குகிறீர்கள், என்ன தண்ணீர் பாய்கிறது?" என்று கேளுங்கள்; நல்ல விவசாயி கோபிக்காமல் பதில் சொல்வார்.

17. எங்க நிலத்துல ஏற்கெனவே கூட இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனி என்ன பண்றது?

முதலில் வரத்தை நிறுத்துங்கள்: எருவா, பாசன நீரா என்று கண்டுபிடிக்காமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு இட்டு பி.எச். அளவை 6.5-க்கு மேல் கொண்டுவாருங்கள். சுத்தமான மக்கிய எருவைத் தொடர்ந்து போடுங்கள். பிரச்சினை ஆர்சனிக்காகவோ ஆறிணைதிறக் குரோமியமாகவோ (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) இருந்தால் சுண்ணாம்பு நேர்மாறான விளைவையே தரும். அவை கார மண்ணில்தான் கூடுதலாக அவிழும். எந்த உலோகம் என்று தெரியாமல் சுண்ணாம்பு மூட்டையை அவிழ்க்காதீர்கள். அந்த நிலத்தில் கீரையையும் முள்ளங்கியையும் விட்டு, வெண்டை, புடலை, பீர்க்கு போன்ற காய்களுக்கோ, மல்லிகை, செண்டுமல்லி போன்ற பூக்களுக்கோ மாறிக்கொள்ளலாம்.

சூரியகாந்தியும் கடுகும் விதைத்து உலோகத்தை உறிஞ்சியெடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பல பட்டங்கள் (விதைப்புப் பருவங்கள்) பிடிக்கும். அப்படிச் சூரியகாந்தி விதைத்த ஒருவர், இரண்டு பட்டம் கழித்து நிறைவோடு வந்து சொன்னார். "தட்டையை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். வெட்டி எருக்குழியில் போட்டு, மக்கவைத்து, அதே பாத்திக்குப் போட்டிருந்தார்.